அப்பாவின் கடையை எடுத்து நடத்துவது என்றால் எதை எடுப்பது?

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பழைய கடை ஒன்று மூடப்படுகிறது என்று செய்தி வந்தால், "பிள்ளைகள் எடுத்து நடத்தக்கூடாதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஹாலந்து வில்லேஜில் இருந்த தம்பி பத்திரிகைக் கடையை மூன்றாம் தலைமுறை எடுத்து நடத்திக்கொண்டுதான் இருந்தது. 2024 மே மாதம் அதுவும் மூடியது. பிள்ளை வந்து கல்லாவில் உட்கார்ந்தால் கடை பிழைத்துவிடும் என்ற நினைப்பில் ஏதோ விட்டுப்போகிறது.

தள்ளாடும் குடும்பத் தொழில்களில் பெரும்பாலும் கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒட்டிக் கிடக்கும். கடன் யாருடையது, உழைப்பு யாருடையது, மிஞ்சுவது யாருடையது என்று பிரித்து எழுதாதவரை கடை நட்டத்தில் ஓடுகிறதா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. பெயர்ப்பலகையை மாற்றுவதும் இன்ஸ்டகிராம் கணக்குத் தொடங்குவதும் அதற்கப்புறம் வரவேண்டிய வேலைகள்.

சட்டத்தின் கண்ணில் கடை என்பது யார்?

"கடையை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்" என்று சொல்வது எளிது. எது மாறியது என்பது தொழில்களைப் பதிவுசெய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவில் கடை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பொதுவாக மூன்று வகை.

1. தனி உரிமையாளர் தொழில். இங்கே கடைக்குத் தனி உயிர் கிடையாது. கடையின் கடன் அப்பாவின் சொந்தக் கடன். அதற்கு வரம்பும் இல்லை. மகன் பெயரில் புதிய பதிவு வந்துவிட்டால் அப்பாவின் பழைய கடன் தானாக மகனிடம் வராது, அப்பாவை விட்டும் போகாது.

2. கூட்டுத்தொழில். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் பல கடைகள் இந்த வகை. ஒரு கூட்டாளி கடைக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. புதிதாகச் சேரும் கூட்டாளி, தான் சேர்வதற்கு முன் ஏற்பட்ட கடனுக்குப் பொறுப்பாகமாட்டார். விலகிப்போகும் சித்தப்பாவோ, தான் இருந்த காலத்துக் கடனிலிருந்து விலகிவிட முடியாது. இந்த இரண்டாவது விஷயம் தெரியாமல்தான் பல குடும்பங்களில் மனக்கசப்பு வருகிறது.

3. தனியார் நிறுவனம், அதாவது பிரைவேட் லிமிடெட். நிறுவனம் சட்டப்படி தனி ஆள். பங்குகள் கைமாறினாலும் நிறுவனம் அப்படியே இருக்கும். அதன் கடன், வரிப் பாக்கி, ஊழியர்களின் மத்திய சேம நிதிக்குக் கட்டவேண்டிய பாக்கி, குத்தகை எல்லாம் அதனோடேயே இருக்கும். பங்கை வாங்குபவர் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே வாங்குகிறார்.

முதல் இரண்டு வகையிலிருந்து மகனின் புதிய நிறுவனத்துக்குத் தொழிலை மாற்றும்போது, கடையோடு சேர்ந்து தானாக வரும் என்று நினைப்பவை வருவதில்லை. சிங்கப்பூர் உணவு அமைப்பு கொடுக்கும் உணவுக்கடை உரிமத்தைக் கைமாற்ற முடியாது, புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். வெளிநாட்டு ஊழியரின் வேலை அனுமதி அட்டை முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது, அதற்கும் புதிய விண்ணப்பம்தான். நாணய மாற்று வணிகத்தில் இன்னும் கெடுபிடி. அது 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டணச் சேவைகள் சட்டத்தின்கீழ் வருவதால், நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாற வேண்டுமென்றால் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.

ஆனால் ஒன்று தானாக வரும்: ஊழியர்கள். நடந்துகொண்டிருக்கும் தொழில் கைமாறினால் ஊழியரின் வேலை ஒப்பந்தமும் பணிக்காலமும் அறுபடாமல் தொடரும் என்கிறது வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவு. இருபது வருடமாகக் கடையில் இருக்கும் அண்ணனை "புது நிறுவனம், புது ஒப்பந்தம்" என்று சொல்லி முதல் நாளிலிருந்து தொடங்கவைக்க முடியாது.

தனியார் நிறுவனமாக இருந்தால் பங்கு மாற்றத்துக்கு 0.2 விழுக்காடு முத்திரைத் தீர்வை. விலை, மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கிடுவார்கள். சிறு தொகைதான். பெரிய தொகை வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. நட்டத்தில் ஓடிய நிறுவனம் அந்த நட்டத்தைப் பின்னாளைய லாபத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பங்குகளில் குறைந்தது 50 விழுக்காடு அதே பங்குதாரர்களிடம் மாறாமல் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அப்பா ஆசையாக மொத்தப் பங்கையும் ஒரே நாளில் மகள் பெயருக்கு எழுதிவைத்தால், சேர்த்துவைத்த நட்டம் அத்தோடு பயனற்றுப்போகலாம். விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு, கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நிறுவன வருமானவரி 17 விழுக்காடு என்பதால், 2 லட்சம் வெள்ளி நட்டத்தை இழப்பது 34,000 வெள்ளி வரிச் சலுகையை இழப்பதற்குச் சமம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கணக்காளரிடம் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

உயில் இல்லாதபோது

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உயிலில்லா வாரிசுரிமைச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பத்து வருடமாகக் கடையில் நின்ற மகனுக்கும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ் ஃபராயிது என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறையில் பங்கு பிரியும்; பங்காளிகளின் எண்ணிக்கை கூடலாம்.

இப்படிப் பங்கு சிதறுவதன் விளைவுக்கு இங்கேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1879-இல் மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கோப்பெங்கில் தொடங்கிய யூ யான் சாங் மருந்துக்கடை, இரண்டாம் தலைமுறையின் யூ தோங் சென்னுக்குப் பின் அவருடைய 13 மகன்களின் வழியாகச் சிதறி, கடைசியில் குடும்பத்தின் கையைவிட்டே போனது. 1989-இல் தொழிலுக்குள் வந்த அதே குடும்பத்து ரிச்சர்ட் யூ, உறவினர் சிலரோடு சேர்ந்து 1993-இல் அதைத் திரும்ப விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. 2000-இல் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. பலர் இதை நவீனப் பொட்டலம், நவீனக் கடை என்று விளம்பரக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது 1993. முடிவெடுக்கும் அதிகாரம் சில கைகளுக்குள் வந்த பிறகே மற்றதெல்லாம் நடந்தது.

கையெழுத்துப் போடுமுன் கேட்கவேண்டியவை

"பிரைவேட் லிமிடெட்தானே, நமக்கு ஒன்றும் ஆகாது" என்ற வார்த்தையை நம்பி இயக்குநராகும் பிள்ளைகள் உண்டு. பொறுப்பு வரம்புக்குட்பட்டது என்பது உண்மை. அந்த வேலியில் மூன்று ஓட்டை இருக்கிறது.

முதலாவது, தனிப்பட்ட உத்தரவாதம். சிறு நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி இயக்குநர்களின் சொந்த உத்தரவாதத்தைக் கேட்பது வழக்கம். சில கடைவீட்டு உரிமையாளர்களும் கேட்பார்கள். நிறுவனம் கட்டாவிட்டால் உத்தரவாதம் கொடுத்தவர் கட்டவேண்டும். பலர் சேர்ந்து கொடுத்திருந்தால் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். அப்பா இயக்குநர் பதவியிலிருந்து விலகினாலும் அவர் கொடுத்த உத்தரவாதம் விலகாது. வங்கி எழுத்தில் விடுவித்தால்தான் உண்டு.

அரசாங்க ஆதரவுள்ள கடன் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பின் திட்டத்தில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 5 லட்சம் வெள்ளி வரை நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடச் செலவுக்கான கடன், கிடைக்கும். அரசாங்கம் அதில் வங்கியின் இழப்பில் ஒரு பகுதியைத்தான் பகிர்ந்துகொள்கிறது. கடனாளிக்கு அதனால் தள்ளுபடி கிடையாது.

இரண்டாவது ஓட்டை, கடனைக் கட்டமுடியாமல் நொடித்துப்போகும் நிறுவனங்களுக்கான 'நொடிப்பு, மறுசீரமைப்பு, கலைப்புச் சட்ட'த்தின் 239-ஆம் பிரிவு. இந்தச் சட்டம் 2020 ஜூலை 30 முதல் நடப்பில் இருக்கிறது. முழுதாகத் திருப்பிக் கட்ட நியாயமான வாய்ப்பில்லை என்று தெரிந்தும் நிறுவனத்தின் பெயரில் மேலும் கடன் வாங்கினால், அதற்குக் காரணமானவர் சொந்தப் பணத்தில் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். "தீபாவளிக்கு விற்றுவிடலாம்" என்று சொல்லி, முந்திய பாக்கியே கட்டாத மொத்த வியாபாரியிடம் மேலும் சரக்கு எடுப்பதெல்லாம் இந்த எல்லைக்கு ஆபத்தான அளவு பக்கத்தில்.

மூன்றாவது, மத்திய சேம நிதி. தாமதமாகக் கட்டினால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி ஏறும். கட்டாமல் விடுவது குற்றம். வழக்கு இயக்குநர் மீதும் வரலாம்.

ஒரு ஆறுதலும் உண்டு. உத்தரவாதம் கொடுத்த அப்பாவைத் திவாலாக்கினாலும், உரிமையாளரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும், மத்திய சேம நிதிக் கணக்கில் இருக்கும் பணமும் கடன்காரர்களின் கைக்குப் போகாது. வீட்டின்மேலேயே அடமானம் இருந்தால் அது வேறு. தனியார் வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கடை நட்டமா? ஒரு கணக்கு

கெர்பாவ் சாலைப் பக்கம் ஒரு மளிகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, கணக்கின் போக்கு அப்படியல்ல.

மாத விற்பனை 80,000 வெள்ளி. கொள்முதல் 60,000. கையில் நிற்பது 20,000, அதாவது விற்பனையில் 25 விழுக்காடு; இதைத்தான் மொத்த லாப விகிதம் என்கிறோம். இதிலிருந்து வாடகை 9,000, இரண்டு ஊழியர்கள் 6,000, மின்சாரமும் மற்றவையும் 2,600. மிச்சம் 2,400. "மாசாமாசம் ரெண்டாயிரத்துக்கு மேல நிக்குதே, யாரு நட்டம்னு சொன்னா?" என்பார் அப்பா.

இப்போது இரண்டு திருத்தம் செய்யவேண்டும்.

1. அப்பா காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து வரை நிற்கிறார். அம்மா மாலையில் கல்லாவைப் பார்க்கிறார். இருவருக்கும் சம்பளம் இல்லை. அந்த வேலைக்கு வெளியாட்களை வைத்தால் 5,500 வெள்ளி ஆகும். 2,400-இலிருந்து அதைக் கழித்தால் 3,100 வெள்ளி நட்டம்.

2. மறுபக்கம், "மற்றவை" என்பதில் வீட்டுக் காரின் தவணை 1,100 ஒளிந்திருக்கிறது. வீட்டுச் சமையலறைக்கு வெளியில் வாங்கிய சாமான் 800-உம் அதிலேயே இருக்கிறது. இவை கடைச் செலவு அல்ல. 1,900-ஐத் திரும்பச் சேர்த்தால் நட்டம் 1,200-ஆகக் குறைகிறது.

ஆக, இந்தக் கடை அப்பா சொல்வதுபோல லாபத்திலும் இல்லை, மகன் பயப்படுவதுபோல மூழ்கவும் இல்லை. மாதம் 1,200 வெள்ளி நட்டத்தைப் பெற்றோரின் கூலியில்லா உழைப்பு மூடிக்கொண்டிருக்கிறது. கடைவீடு குடும்பத்துக்கே சொந்தமாக இருந்தால் இன்னொரு திருத்தம் வேண்டும்: வெளியாருக்கு விட்டால் கிடைக்கும் வாடகையைச் செலவில் எழுதிப் பார்க்கவேண்டும். சிராங்கூன் சாலையில் பாட்டனார் வாங்கிய கடைவீட்டில் நடக்கும் தொழிலுக்கு இந்த ஒரு வரியே முழுக் கதையையும் மாற்றிவிடும்.

இந்த 1,200-ஐ எப்படி அடைப்பது? விற்பனையைக் கூட்டி அடைப்பதென்றால் மாதம் 4,800 வெள்ளிக்குக் கூடுதலாக விற்கவேண்டும். லாப விகிதத்தை 25-லிருந்து 26.5 விழுக்காடாக உயர்த்தினாலும் போதும். இரண்டாவது எளிது, வாங்கும் விலையைப் பேசுவது, விலை தெரியாமல் விற்கும் பொருள்களுக்குச் சரியான விலை வைப்பது, கெட்டுப்போவதைக் குறைப்பது என்று கடைக்குள்ளேயே முடிகிற வேலை.

ஆனால் புதிதாக வருபவர்கள் முதலில் செய்வது தள்ளுபடி. எல்லாப் பொருளிலும் 5 விழுக்காடு குறைத்தால் என்ன ஆகும்? 100 வெள்ளிக்கு விற்றது 95-க்குப் போகிறது. வாங்கிய விலை 75-தான். 25 வெள்ளி நின்ற இடத்தில் 20. பழைய லாபத்தைப் பிடிக்க மட்டுமே 25 விழுக்காடு கூடுதல் சரக்கை விற்றாகவேண்டும். பக்கத்துத் தெருவில் இருபத்துநான்கு மணிநேரப் பேரங்காடி இருக்கும்போது, இது நடக்குமா என்று கேட்டுப்பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

லாபத்துக்கு முன் ரொக்கம்

கடை நட்டத்தால் ஒரே நாளில் சாவதில்லை. ரொக்கம் தீர்ந்த நாளில் சாகும். லாபம் இருக்கும்போதே ரொக்கம் தீர்ந்துபோகும்: உணவகங்களுக்கு 60 நாள் தவணையில் சரக்குக் கொடுத்துவிட்டு மொத்த வியாபாரிக்கு 30 நாளில் கட்டினால் நடுவில் இருக்கும் 30 நாளுக்கு யாராவது பணம் போடவேண்டும்.

கடையைக் கையிலெடுத்த முதல் வாரத்தில் செய்யவேண்டியது 13 வார ரொக்கக் கணக்கு. வாரத்துக்கு ஒரு கட்டம். என்ன வரும், என்ன போகும், கடைசியில் வங்கியில் எவ்வளவு நிற்கும். மூன்று மாதம் என்பதால் ஒரு பொருள் சேவை வரிக் காலாண்டு நிச்சயம் உள்ளே வரும். பலர் தடுக்கிவிழும் இடம் அதுதான். 2024 முதல் 9 விழுக்காடாக இருக்கும் அந்த வரி கடையின் பணமே அல்ல, வாடிக்கையாளரிடம் வசூலித்து வைத்திருக்கும் பணம். அதை எடுத்து வாடகை கட்டிவிட்டு, கெடு நாளில் கையைப் பிசைந்தால் 5 விழுக்காடு அபராதம்.

ரொக்கம் எங்கே சிக்கியிருக்கிறது என்று தேடினால் பெரும்பாலும் அலமாரியில்தான். மேலே சொன்ன கடையில் 1,20,000 வெள்ளிச் சரக்கு இருந்தால் அது இரண்டு மாத விற்பனைக்குரியது. ஒன்றரை மாத அளவுக்கு, 90,000-க்குக் குறைத்தால் வட்டியில்லாமல் 30,000 வெள்ளி கைக்கு வருகிறது. போன பொங்கலுக்கு வாங்கிய பானைகள் மாடியில் தூசி படிந்து கிடக்கும்போது வங்கிக் கடனுக்கு விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை. கடனுக்குக் கொடுத்ததை எழுதிவைக்கும் பற்று நோட்டும் அப்படியே. பழைய வாடிக்கையாளர் என்ற தாட்சண்யத்தில் அப்பாவால் கேட்கமுடியாத பாக்கியைப் புதிதாக வந்த பிள்ளை கேட்கலாம். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

மானியங்களை ரொக்கமாக எண்ணக்கூடாது. உற்பத்தித்திறன் தீர்வு மானியம் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை தரும். ஆனால் முதலில் நீங்கள் செலவு செய்யவேண்டும், பணம் பிறகுதான் வரும். எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதை சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையில் இருக்கும் சிறு, நடுத்தர நிறுவன நிலையத்தில் கட்டணமில்லாமல் கேட்டுக்கொள்ளலாம்.

ஆள், இடம்

சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர்கள் மொத்த ஊழியரில் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு வெளிநாட்டவருக்கு இரண்டு உள்ளூர் ஊழியர். 2024 ஜூலையில் 1,600 வெள்ளியாக உயர்ந்த உள்ளூர்த் தகுதிச் சம்பளம், அதாவது இந்தக் கணக்குக்கான குறைந்தபட்சச் சம்பளம், பெறும் உள்ளூர் ஊழியரையே முழு ஆளாகக் கணக்கிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத அம்மா இந்தக் கணக்கில் வரவே மாட்டார். கூலியில்லா உழைப்பு மிச்சம் என்று நினைத்த இடத்தில், ஆள் எடுக்கும் உரிமையை அது குறைத்துக்கொண்டிருக்கிறது. அவர் உண்மையாகவே வேலை செய்கிறார் என்றால் முறையாகச் சம்பளமும் சேம நிதியும் போடலாம். வேலையே செய்யாத அத்தை பெயரில் போட்டுக் கணக்குக் காட்டினால் மனிதவள அமைச்சு வழக்குப் போடும். உணவகங்களுக்கு 2023 செப்டம்பர் முதல் ஒரு வழி திறந்தது: இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்கலாம், அதற்கும் தனி உச்சவரம்பும் குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு.

வாடகைக்கு, 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சில்லறைக் கடைக் குத்தகைச் சட்டம் ஓரளவு துணை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைகளில், நிலையான வாடகை அல்லது விற்பனையில் பங்கு, "எது அதிகமோ அது" என்று எழுதுவதை அது தடுக்கிறது. வாடகை எவ்வளவு என்பதில் அது தலையிடுவதில்லை.

சாவி யாரிடம்?

இதை நீட்ட வேண்டியதில்லை. மகள் நிர்வாகி, காசோலையில் கையெழுத்து அப்பா என்று இருந்தால், மொத்த வியாபாரி அப்பாவுக்குத்தான் தொலைபேசியில் பேசுவார். எந்தத் தொகைவரை யார் முடிவெடுப்பது, அப்பாவுக்கு மாதம் எவ்வளவு, வெளியில் இருக்கும் சகோதரர்களுக்குப் பங்கு லாபம் எப்போது என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடவேண்டும். "நம்ம வீட்டுக்குள்ள எதுக்குக் காகிதம்?" என்பார்கள். உணவு, பானங்கள் தயாரிக்கும் இயோ ஹியாப் செங் போன்ற பெரிய குடும்ப நிறுவனமே குடும்பப் பிணக்கு முற்றி, 1995-இல் வெளியாரான இங் தெங் ஃபோங்கின் கைக்குப் போனது.

மூடுவதென்றால்

கணக்கைத் திருத்தி, சரக்கைக் குறைத்து, 13 வாரம் ஓட்டிப்பார்த்தும் நிற்காவிட்டால் மூடுவதும் ஒரு முடிவுதான். எப்போது மூடுகிறோம் என்பதைப் பொறுத்து இழப்பு மாறும். கடன்கள் எல்லாம் தீர்ந்திருந்தால் அக்ரா பதிவேட்டிலிருந்து நிறுவனத்தின் பெயரை நீக்க விண்ணப்பிக்கலாம். கடன் மிஞ்சினால் கடன்காரர்களோடு பேசி முறைப்படி கலைக்கவேண்டும். 15,000 வெள்ளிக்கு மேல் பாக்கி உள்ள கடன்காரர் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, மூன்று வாரத்தில் பணம் வராவிட்டால் நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாம் என்பதால், கடிதம் வந்தபின் யோசிக்க அவகாசம் குறைவு. மொத்தக் கடன் 20 லட்சம் வெள்ளிக்குள் இருக்கும் சிறு நிறுவனங்களுக்காக 2021 ஜனவரியில் எளிமையாக்கப்பட்ட நொடிப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டது. செலவும் காலமும் அதில் குறைவு.

இதில் பலர் பார்க்கத் தவறும் தேதி ஒன்று குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. குத்தகை முடிய எட்டு மாதம் இருக்கும்போது மூட முடிவெடுத்தால், சரக்கை விற்றுத் தீர்க்கலாம், ஊழியர்களுக்கு வேறு இடம் பார்க்கலாம், முன்பணத்தைத் திரும்ப வாங்கலாம். புதுப்பித்துக் கையெழுத்திட்ட மூன்றாவது மாதத்தில் முடிவெடுத்தால், மிச்சக் காலத்துக்கான வாடகை கழுத்தைப் பிடிக்கும். கடையைப் பழைய நிலைக்குத் திருப்பிக் கொடுக்கும் செலவும் அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும்: போட்ட கூரை, கட்டிய அலமாரி, சமையலறைப் புகைபோக்கி எல்லாம் சொந்தச் செலவில் பிரித்தெடுக்கவேண்டும். கடையை எடுத்து நடத்துவதா வேண்டாமா என்று யோசிக்கும் பிள்ளை, வங்கிக் கணக்குக்கு முன்னால் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அநேகமாக அது அப்பாவின் மேசையில் மேல் இழுப்பறையில், பழைய தினசரி நாட்காட்டிகளுக்கு அடியில் இருக்கும்.